த்ரில்லர் டிஸ்க்: பிரிண்ட் நல்லதா என்று இருட்டில் வைத்துச் சோதிக்கும் முறை

கடையில் டிவியை ஓடவிட்டுக் காட்டும்போது மயில் தோகை விரிக்கும், பூ மலரும், கடல் பளபளக்கும். டிவிடியோ ப்ளூரேயோ, அவை எந்த டிஸ்க்கிலும் அழகுதான். த்ரில்லரில் கொலை நடப்பது ராத்திரியில். துப்பு கிடப்பது பாதி இருட்டான அறையில். வயிற்றைப் பிசைவது யாரும் பேசாத அந்த இருபது விநாடி. டிஸ்க் தயாரித்தவர் எங்கே கஞ்சத்தனம் காட்டினார் என்பது வெளிப்படுவதும் அதே இடங்களில்தான். கார் வெடிக்கும் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'செம பிரிண்ட்' என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

சோதனைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். படத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருப்பது நல்லது. கதை இழுத்துக்கொண்டு போனால் கண் குறையைத் தேடாது.

1. முதலில் டிஸ்க்கைக் கையில் எடுங்கள்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்தில் பழைய டிஸ்க் வாங்கினால் அடிப்பக்கத்தைச் சாய்த்து வெயிலில் பாருங்கள். கம்பெனி அச்சடித்த டிவிடி வெள்ளி நிறம். இரண்டு அடுக்கு டிஸ்க் என்றால் லேசான தங்கச் சாயல் இருக்கும். ஊதா தெரிந்தால் கம்ப்யூட்டரில் ரைட் செய்த நகல், வைத்துவிட்டு நகருங்கள். ப்ளூரேயில் நிறத்தை வைத்து இப்படிச் சொல்ல முடியாது. பிறகு டிஸ்க்கைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஊசிக்குத்து மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே உலோகப் பூச்சு அரித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

கீறலும் எல்லா டிஸ்க்கிலும் ஒன்றல்ல. டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு பிளாஸ்டிக்கின் நடுவில், 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது; மேலோட்டமான கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும். ப்ளூரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. கெட்டியான மேல்பூச்சு காப்பாற்றும், ஆனால் அதைத் தாண்டிய கீறல் நேராகப் படத்தில் கைவைக்கும்.

கடலூர், புதுச்சேரி ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை பூஞ்சை. மங்கலான வெள்ளைத் திட்டாகத் தெரியும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, நடுத்துளையிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஒரு கீறலே தகவல் ஓடும் பாதையோடு நெடுகப் போய்விடும், பிளேயரால் ஈடுகட்ட முடியாது. நெயில்பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

பிரான்சில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம், அங்கிருந்து டிஸ்க்குகளும் வரும். டிஸ்க் எந்த வட்டாரத்துப் பிளேயரில் ஓடும் என்று போடும் பூட்டுக்கு ரீஜன் என்று பெயர். பிரான்ஸ் டிவிடி 2-ஆம் ரீஜன், இந்தியா 5. ப்ளூரேயில் பிரான்ஸ் பி, இந்தியா சி. பிளேயர் 'ரீஜன் தவறு' என்று துப்பினால் டிஸ்க் கெட்டது என்று அர்த்தமில்லை. 4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. சில பிரெஞ்சு டிஸ்க்குகளில் மூல மொழி ஒலியைத் தேர்ந்தெடுத்தால் பிரெஞ்சு சப்டைட்டிலை அணைக்கவே முடியாது. அந்த எழுத்து இருட்டான காட்சியில் கண்ணைக் கூசவைக்கும். வாங்கிவரச் சொல்லும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. டிவியின் கைவரிசையை நிறுத்துங்கள்

டிஸ்க் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி டிவி செய்தது. படம் மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடினால் மோஷன் ஸ்மூத்திங் போட்டிருக்கிறது, அதை முதலில் அணையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், சுற்று வெளிச்சத்துக்கேற்ப பிரைட்னஸை மாற்றும் வசதி, எல்லாம் ஆஃப். பிக்சர் மோடு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்'. ஷார்ப்னஸ் பெரும்பாலான டிவிகளில் 0. சில கம்பெனிகளில் நடுப்புள்ளிதான் இயல்பு நிலை. சப்டைட்டில் எழுத்தின் ஓரத்து வெள்ளைக் கோடு எந்த எண்ணில் மறைகிறதோ அதுவே உங்கள் டிவிக்குச் சரி.

த்ரில்லருக்கு உயிர்நாடி ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை பிளேயர் டிவிக்கு அனுப்பும் எண்களின் எல்லை. டிஸ்க்கில் கறுப்பு என்பது 16, வெள்ளை 235. பிளேயர் அதை 0–255 என்று விரித்து அனுப்பி, டிவி 16–235 என்றே எடுத்துக்கொண்டால் இருட்டில் இருப்பதெல்லாம் தார் ஊற்றியதுபோல் மூடிப்போகும். நேர்மாறாக நடந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். பிளேயர், டிவி இரண்டிலும் 'லிமிடெட்' (16–235) என்றோ இரண்டிலும் 'ஆட்டோ' என்றோ வையுங்கள். ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனையும் நிறுத்துங்கள். 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

உட்காரும் தூரம், ப்ளூரேக்குத் திரை உயரத்தைப்போல் மூன்று மடங்கு. 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 54 சென்டிமீட்டர், ஆக 1.6 மீட்டர். பத்தடி தள்ளி சோபாவில் சாய்ந்துகொண்டு டிவிடிக்கும் ப்ளூரேக்கும் வித்தியாசமில்லை என்று சொல்பவர்களோடு வாதாட வேண்டாம், அங்கிருந்து பார்த்தால் தெரியாதுதான். முற்றம் வைத்த பழைய வீடுகளில் பகல் வெளிச்சம் கூடம்வரை வரும். இரவு 8 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

3. ஒரு சின்னக் கணக்கு

படக்கோப்பின் அளவை ஜிபியில் எடுத்து 8000-ஆல் பெருக்கி, ஓடும் நேரத்தை விநாடியாக்கி அதனால் வகுத்தால் சராசரி பிட்ரேட், அதாவது ஒரு விநாடிக்குச் செலவிட்ட தகவலின் அளவு, மெகாபிட் கணக்கில் வரும். 2 மணி 20 நிமிடப் படம் 8400 விநாடி. ப்ளூரேயில் கோப்பு 33 ஜிபி என்றால் 31 மெகாபிட். ஒலிக்கு நாலைந்து கழித்தாலும் படத்துக்கு 26-க்கு மேல் மிஞ்சும். தாராளம். அதே நீளப் படங்கள் மூன்றை ஒரே 8.5 ஜிபி டிவிடியில் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 2.7 மெகாபிட்தான். டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு 5, 6 மெகாபிட் இருந்தால்தான் மூச்சு விட முடியும். 'மூன்று படம் ஒரே டிஸ்க்கில்' என்று அட்டையில் பார்த்தாலே மழைக் காட்சி என்ன கதியாகும் என்று ஊகித்துவிடலாம்.

பிட்ரேட் அதிகமென்பதற்காக பிரிண்ட் நல்லது என்றாகிவிடாது. மோசமான மூலத்தை 35 மெகாபிட்டில் பதிந்தால், மோசம் துல்லியமாகத் தெரியும், அவ்வளவே.

4. இருட்டை வாசிப்பது

ஐந்து காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: சோடியம் விளக்கு எரியும் ராத்திரித் தெரு, இருட்டறையில் டார்ச் வெளிச்சம், மழை அல்லது புகை, பகல் வெளிச்சத்தில் முகத்தின் நெருக்கக் காட்சி, மெல்ல இருண்டு முடியும் காட்சி ஒன்று. ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரித் தெருவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் நிழலில் நிற்கட்டும். சட்டையின் மடிப்பு தெரிகிறதா? தெரியாவிட்டால் டிவியின் பிரைட்னஸை ஒரு நிமிடத்துக்கு நன்றாக ஏற்றுங்கள். மடிப்பு வெளியே வந்தால் டிஸ்க்கில் விவரம் இருக்கிறது, அமைப்பில்தான் தப்பு. ஏற்றியும் சட்டை சாம்பல் கட்டியாக மட்டும் வெளுத்தால் அந்த விவரம் டிஸ்க்கிலேயே இல்லை. ஒளிப்பதிவாளரே இருட்டாக விட்டிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் படம் முழுக்க, பகல் காட்சியில் தலைமுடிகூட ஒரே கறுப்பு மொத்தையாக இருந்தால் அது கலை அல்ல, டிஸ்க் தயாரித்த இடத்தில் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து டார்ச். வெளிச்சம் சுவரில் விழும் இடத்தில் பாஸ் செய்யுங்கள். நடுவில் வெண்மை, ஓரம் போகப் போக இருட்டு. நல்ல டிஸ்க்கில் வெளிச்சம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மோசமான டிஸ்க்கில் குளத்தில் கல்லெறிந்த மாதிரி வளையம் வளையமாக நிற்கும். இதற்குப் பெயர் பேண்டிங். காரணம் எளிய எண்கணிதம். டிவிடியும் சாதா ப்ளூரேயும் 8 பிட், அதாவது வெளிச்சத்தைக் குறிக்க 0 முதல் 255 வரை முழு எண்கள்தான். சுவர் 40 என்ற அளவிலிருந்து கறுப்பான 16-க்கு இறங்க வேண்டுமென்றால் நடுவில் 24 படிகள்தான் உண்டு. அது பாதித் திரைக்கு, அதாவது 960 புள்ளிகளுக்குப் பரவினால் ஒரு படிக்கு 40 புள்ளி அகலம். 43 அங்குல டிவியில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் பட்டை. கண்ணுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்?

போகும். ஃபிலிமுக்கே உரிய நுண்மணல், கிரெயின் என்பார்களே, அது அந்தப் படிகளின் விளிம்பைக் கலைத்துவிடும். 'படம் சுத்தமாக இருக்கட்டும்' என்று கம்ப்யூட்டரில் அந்த மணலை வழித்தெடுத்தால் விளிம்புகள் வெளியே வந்துவிடும். அதனால்தான் பகல் காட்சியில் மெழுகுப் பொம்மை மாதிரி முகம் இருக்கும் டிஸ்க்கில் இரவுக் காட்சியில் வளையமும் இருக்கும். ஒன்றைப் பார்த்தால் மற்றதைத் தேடுங்கள். டிவியே வளையம் போடுகிறதா என்ற சந்தேகம் வந்தால், சுத்தமானது என்று ஏற்கெனவே தெரிந்த வேறு டிஸ்க்கைப் போட்டு ஒப்பிடுங்கள்.

கிரெயினைச் சோதிக்க ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். மணல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் நகர, பின்னால் சுவரில் மட்டும் அதே மணல் ஒட்டடைபோல் ஒட்டி நின்றால் நாய்ஸ் ரிடக்‌ஷன் புகுந்திருக்கிறது. சாதாரண வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு ஒருமுறை படம் மூச்சு விடுவதுபோல் கூர்மையாகி மங்கினால் பிட்ரேட் போதவில்லை. மழை, புகை, இருண்டு முடியும் காட்சி மூன்றிலும் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் ஊர்ந்தால் அதற்கும் இதே காரணம். இருட்டுப் பகுதி யாருக்குத் தெரியப்போகிறது என்று சுருக்கும் மென்பொருள் அங்கேதான் முதலில் வெட்டும். பழைய குழாய் டிவியில் அது தெரியாது, இன்றைய ஓஎல்இடி திரையில் பல்லிளிக்கும்.

மீதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். வானத்துக்கு எதிரே மின்கம்பியோ தென்னை ஓலையோ வரும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் செயற்கைக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டி பச்சையடித்தாலோ எல்லா முகமும் செங்கல் நிறமானாலோ வண்ணம் திரிந்திருக்கிறது. நகரும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்தால் பெரும்பாலும் மூலம் ஃபிலிம் அல்ல, பழைய வீடியோ டேப். கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடு போட்ட சட்டையில் வானவில் நெளிந்தாலும் டேப்தான்.

4கே டிஸ்க்கில் 'பளிச்சென்று இல்லையே' என்று ஹெச்டிஆரை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறையை, குறை சொல்பவர்கள் உண்டு. இரவுக் காட்சி பளிச்சென்று இருக்க வேண்டியதில்லை. விளக்கு மட்டும் சுடர, சுற்றிலும் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

5. வெட்டியிருக்கிறார்களா?

சினிமாஸ்கோப் படம் 2.39-க்கு 1 என்ற அகலம். ப்ளூரேயின் 1080 கோட்டில் அது சுமார் 803 கோடு உயரம்தான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது இயல்பு. பட்டையில்லாமல் திரை நிறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், பக்கவாட்டில் கால்வாசிப் படம் போய்விட்டது. த்ரில்லரில் அந்தக் கால்வாசியில்தான் யாராவது ஒளிந்துகொண்டிருப்பார்கள். பெயர் போடும் இடத்தில் எழுத்து ஓரத்தில் இடிக்கிறதா, எதிரெதிரே பேசும் இருவரின் மூக்கு மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். நீட்டிச் சப்பையாக்கியிருந்தால் சுவர்க்கடிகாரமும் வண்டிச் சக்கரமும் காட்டிக்கொடுக்கும். 1954-இல் வந்த 'அந்த நாள்' போன்ற பழைய படம் இதற்கு நேர் எதிர். அதன் ஃபிரேம் கிட்டத்தட்ட 4-க்கு 3, பக்கங்களில்தான் பட்டை வர வேண்டும்.

நீளத்தை அளக்க நம் படங்களில் ஓர் அருமையான வசதி உண்டு. ஆரம்பத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் பாஸ் செய்யுங்கள். ஃபிலிம் காலத்துப் படமென்றால் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4000 மீட்டர் என்றால் 146 நிமிடம். டிவிடி 140 நிமிடம்தான் ஓடுகிறதா? பதறாதீர்கள். பால் (PAL) என்ற டிவி முறையில் தயாரித்த டிவிடியில் விநாடிக்கு 24 ஃபிரேம் 25 ஆகிவிடும், படம் 4 சதவீதம் வேகமாக ஓடி 140 நிமிடத்தில் முடியும். குரலும் ஒரு நூல் மெலிந்து கேட்கும். 132 நிமிடமென்றால் எட்டு நிமிடத்தைக் கத்தரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் பாட்டு. ப்ளூரே 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் 146 அப்படியே வர வேண்டும்.

6. நிசப்தத்தைக் கேட்பது

இரவு பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மே மாதக் கடலூர்ப் புழுக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், ஐந்தைந்து நிமிடமாகச் செய்யுங்கள். உயரமான கூரையும் வழவழப்பான தரையும் உள்ள கூடத்தில் ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள். சத்தம் இழுத்துக்கொண்டு போனால் வசனமும் அப்படித்தான் குழம்பும். தரையில் ஜமுக்காளம், எதிர்ச் சுவரில் சாத்திய பஞ்சு மெத்தை, இரண்டுமே போதும்.

பிளேயரில் ஒலி வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்'. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் நைட் மோடு, டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல் இரண்டும் ஆஃப். டிவி வழியாக சவுண்ட்பாருக்குப் போகிறதென்றால் டிவியிலிருந்து ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் சாதா ஏஆர்சி இணைப்பில் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் என்ற தரம் குறையாத ஒலி வடிவங்கள் இரண்டும் போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். ஆப்டிகல் கேபிளிலும் சுருக்கிய 5.1தான் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒன்று) போகும். இதைப் பார்க்காமல் 'ப்ளூரே ஒலியும் டிவிடி ஒலியும் ஒன்றுதான்' என்று தீர்ப்பெழுதுவது வழக்கமான தவறு.

ஒரே டிஸ்க்கில் டால்பி, டிடிஎஸ் இரண்டும் இருந்தால் டிடிஎஸ் சற்றுச் சத்தமாகக் கேட்கலாம். டால்பியில் வசனத்தின் அளவைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் படித்து ஒலியை இறக்கும். சத்தமானது எதுவோ அது நல்லதாகக் காதுக்குத் தோன்றும். போனில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, ஒரே வசனத்தை இரண்டிலும் ஓட்டி, ஒரு டெசிபலுக்குள் சமன் செய்த பிறகு ஒப்பிடுங்கள்.

இப்போது யாரும் பேசாத காட்சி. கதாநாயகி கதவருகே நிற்கிறார். கடிகாரம், குழாய்ச் சொட்டு, தூரத்து நாய். இவற்றுக்கு அடியில் அறைக்கே உரிய மெல்லிய இரைச்சல் ஒன்று தொடர்ந்து இருக்க வேண்டும். பழைய படங்களில் அது 'உஸ்' என்று கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதில் தப்பில்லை. வசனம் வரும்போது மட்டும் 'உஸ்' வந்து, வசனம் முடிந்ததும் கத்தரித்ததுபோல் நின்று, அடுத்த வசனத்தில் திரும்ப வந்தால் அது மென்பொருளின் வேலை. இரைச்சலைப் பிடுங்கப் போய் 'ஸ', 'ஷ' எழுத்துகளின் கூர்மையும் போய், குடத்துக்குள் பேசுவதுபோல் குரல் கேட்கும். பயமுறுத்த வேண்டிய நிசப்தம் டெலிபோன் கட்டானதுபோல் ஆகிவிடும்.

அட்டையில் போட்டிருக்கும் 5.1 நிஜமா என்பதற்கு ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் நடு ஸ்பீக்கரையும் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர் அமைப்பை மாற்றாதீர்கள். மாற்றினால் அது தடங்களைக் கலந்துவிடும். திரும்பப் போட்டுப் பின் ஸ்பீக்கர்களை மட்டும் கேளுங்கள். மழை, சில்வண்டு, கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டால் நிஜம். வசனமும் பாட்டும் எதிரொலியோடு அங்கே கேட்டால் ஸ்டீரியோவை இழுத்து நீட்டிய போலி. 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் படம்; அந்த முறையில் நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட படங்களுக்கு 5.1 பின்னால் செய்தது. மடித்த 2.0, அதாவது இரண்டு தட ஒலியே டிஸ்க்கில் இருந்தால், ஆம்ப்ளிஃபயரின் டால்பி சரவுண்டில் விரித்துக் கேட்பது மூலத்துக்கு நெருக்கம்.

துப்பாக்கிச் சத்தம் வசனத்தைவிட நன்றாக ஏறி வர வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒலியை அமுக்கியிருக்கிறார்கள். தமிழ் டப்பிங் தடத்தைத் தனியாகச் சோதியுங்கள். மூல மொழி 640 கிலோபிட் 5.1 ஆகவும் தமிழ் 192 கிலோபிட் 2.0 ஆகவும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

உதடும் குரலும் ஒட்டுகிறதா என்பதற்கு வசனத்தைவிடக் கதவு அறையும் காட்சி நல்லது. ஒரு ஃபிரேம் 42 மில்லிவிநாடி. ஒலி ஒரு ஃபிரேம் முந்தினாலே காது உறுத்த ஆரம்பிக்கும், மூன்று ஃபிரேம் பிந்தும்வரை பொறுத்துக்கொள்ளும். படம் முழுக்க ஒரே அளவு விலகினால் டிவியின் தாமதம், லிப் சிங்க் அமைப்பில் சரிசெய்யலாம். ஆரம்பத்தில் ஒட்டி, கிளைமாக்ஸில் விலகினால் டிஸ்க்கில்தான் தப்பு.

சப்டைட்டிலையும் விடாதீர்கள். கொலையாளி யார் என்று பாத்திரம் வாய் திறக்கும் முன்பே எழுத்து வந்து நின்றால் ஒளியும் ஒலியும் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? சாப்டர் மெனுவில் அவன் முகத்தையே படமாக ஒட்டிவைக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

7. பழி யார் மேல்

படம் நின்றால் அந்த நிமிடத்தைக் குறித்து மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் நின்றால் டிஸ்க். இடம் மாறி மாறி நின்றால் பிளேயரின் லென்ஸ் தூசியோ வோல்டேஜ் இறக்கமோ. இரண்டு அடுக்கு டிவிடியில் நடுவில் ஒரே ஒருமுறை அரை விநாடி தயங்குவது அடுக்கு மாறும் இடம், குறையில் சேராது.

ஒரு ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தால் இடது, வலது ஒயர்களை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மாற்றிச் சொருகுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் டிஸ்க் அல்லது ஆம்ப்ளிஃபயர். வேறு டிஸ்க் போட்டால் எது என்று தெரிந்துவிடும். அதே ஸ்பீக்கரிலேயே இருந்தால் ஒயர் முனையைப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாக உரித்து, முறுக்கிச் சொருகினால் சரியாகும்.

கடையில் திருப்பிக் கொடுக்கப் போவதாக இருந்தால் 'பிரிண்ட் சரியில்லை' என்று சொல்லாதீர்கள். '1 மணி 12 நிமிடம் 40 விநாடியில் படம் நிற்கிறது, மூன்று முறையும் அங்கேதான்' என்று எழுதிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். வளையம், மெழுகு முகம், போலி 5.1 எல்லாம் அந்தப் பதிப்பின் எல்லாப் பிரதியிலும் இருக்கும். மாற்றி வாங்கிப் பயனில்லை, வேறு நாட்டுப் பதிப்போ வேறு கம்பெனிப் பதிப்போதான் வழி. வைத்துக்கொள்ளப் போகும் டிஸ்க்கை ஐப்பசி மழை பிடிக்கும் முன் உறையில் போட்டு, நிமிர்த்தி வைத்து, மூடும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்துவிடுங்கள்.